ஒரு கானுக்கு ஒரு வைக்கோல்

அன்றைக்கு மாமி வீட்டு விறாந்தையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா இருந்தார், சாய்மனைக் கதிரையின் விளிம்பில், சாயாமல். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பட்டணத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த குருவானவர் தலைக்கவசத்தை மடியில் வைத்திருந்தார். ஞாயிறு பள்ளி டீச்சர் இருந்தார். லண்டன் சித்தப்பா ஸ்டூலில் வைத்த போனுக்குள் இருந்தார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார்கள். நடுவில் மாமி. பிறகு நான், தூணுக்குப் பக்கத்தில், நிலத்தில். எனக்குப் பத்து வயது.

திருவருகைக்காலத்து நாலாம் ஞாயிறு அது. நத்தார் என்கிற கிறிஸ்மசுக்கு முந்தின ஞாயிறு. ஆராதனை முடிந்து நேரே வந்திருந்தோம். மாமியை இனியும் இந்த வீட்டில் தனியே விடலாமா, பட்டணத்து முதியோர் இல்லத்துக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்கவேண்டும். வந்தவர்கள் எல்லாரும் மாமியின் நன்மைக்காகத்தான் வந்தார்கள். அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. மாமியை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து விட்டவள் நான் என்பது மட்டும் அங்கே என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

மாமி அப்பாவின் மூத்த அக்கா. கலியாணம் செய்யவில்லை. எங்கள் வீட்டிலிருந்து நாலு வளவு தள்ளித் தனியே இருந்தார்.

எங்கள் ஊர் வேலணைப் பக்கம். கத்தோலிக்கருக்குக் கரையோரம் பெரிய கோயில் இருந்தது. சைவக்காரருக்குத் தேர் ஓடுகிற கோயில் இருந்தது. எங்களுக்கு ஒரு சின்ன அங்கிலிக்கன் சேர்ச். உள்ளே இருக்கப் பன்னிரண்டு வாங்கு. சண்டைக்கு இடம்பெயர்ந்து போனவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பி வரவில்லை. வந்த எல்லாரும் நெருங்கி இருந்தால் நாலு வாங்கு காணும். ஆனால் ஒருவரும் நெருங்கி இருக்கமாட்டார்கள். அவரவர் பழைய வாங்கில், பழைய இடத்தில்தான் இருப்பார்கள். முன்னுக்கு வாருங்கோ, முன்னுக்கு வாருங்கோ என்று கூப்பிட்டுக் குருவானவர் களைத்துப்போனார்.

மாமி சேர்ச் துணிகளைத் தோய்ப்பவர். பீடத்து விரிப்பு, நற்கருணைக் கிண்ணத்தைத் துடைக்கிற துணி, அப்பத்தட்டை மூடுகிற துணி. எல்லாம் வெள்ளை. சனிக்கிழமை காலமை சேர்ச்சுக்குப் போய் எடுத்து வந்து, தோய்த்து, காயவைத்து, ஸ்திரிக்கை போட்டு, பின்னேரம் கொண்டுபோய் அலுமாரியில் வைப்பார். கிண்ணம் துடைத்த துணியை முதலில் ஒரு கோப்பைத் தண்ணீரில் தனியே அலசுவார். அந்த முதல் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றக் கூடாது. கால் மிதிக்கிற இடத்திலும் ஊற்றக் கூடாது. கர்த்தருடைய இரத்தம் பட்ட துணி. குசினிக்குப் பின்னால் நின்ற செவ்வரத்தைச் செடியின் அடியில் ஊற்றுவார். பிறகுதான் சவர்க்காரம்.

இந்த வேலைக்கு நல்ல தண்ணீர் வேண்டும். மாமியின் வளவுக் கிணறு உவர். குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம். குடிக்க ஏலாது. வெள்ளைத் துணியை அதில் போட்டு ஸ்திரிக்கை வைத்தால் பழுப்பு ஏறிவிடும். நல்ல தண்ணீர் றோட்டோரக் கிணற்றிலிருந்து வரவேண்டும். போக வரப் பத்து நிமிடம். குசினியில் ஒரு பலகையின் மேல் இரண்டு எவர்சில்வர் குடம் இருந்தது. அவை இரண்டும் நல்ல தண்ணீர்க் குடம். வேறு தண்ணீர் அவற்றைத் தொடக் கூடாது.

மாமிக்குச் சீனி வருத்தம். அதனால் கண் மங்கிவிட்டது. ஆள் வருவது தெரியும், ஆர் என்று தெரியாது. துணியை விரலால் தடவித்தான் மடிப்பார். ஆனாலும் மூலையோடு மூலை பொருந்தும்.

லண்டன் சித்தப்பா ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுப்பார். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே கதை.

"அக்கா, தனியக் கிடந்து என்ன செய்யிறாய்? ஹோமிலை எல்லா வசதியும் கிடக்கு. கதைச்சு வைச்சிருக்கிறன். ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு."

"சேர்ச் துணி வெள்ளையாய்த்தானே கிடக்குது? அது பழுக்கிற அண்டைக்குக் கேள், நான் வாயைத் திறக்காமல் போறன்."

அதோடு சித்தப்பா மழை பெய்கிறதா என்று கேட்பார்.

அந்த வருசம் திருவருகைக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு டீச்சர் ஒரு பிஸ்கற் பெட்டியும் ஒரு கட்டு வைக்கோலும் கொண்டுவந்தார். ஞாயிறு பள்ளியில் நாங்கள் ஐந்து பேர். டீச்சரின் மகள் நிரோசா உட்பட.

"இயேசு பாலன் வெறும் பலகையிலை படுக்கலாமோ?"

"இல்லை டீச்சர்."

"அப்ப மெத்தை போடுவம். நீங்கள் செய்யிற ஒவ்வொரு நன்மைக்கும் ஒரு வைக்கோல் தருவன். இந்தப் பெட்டிக்கை கிடக்கிற பேரெழுதின உறையிலை போட்டு வையுங்கோ. ஆர் கனக்கச் சேர்க்கிறியளோ, அவைதான் நத்தார் அண்டைக்குப் பாலனைக் குடிலிலை வைக்கிறது."

கடைசிப் பெடியன் கையை உயர்த்தினான். "வீடு கூட்டினால் டீச்சர்?"

"அது உன்ர வீடு. உன்ர வீட்டைக் கூட்டுறது நன்மையோ? கடமை."

"தங்கச்சிக்கு அடியாமல் விட்டால்?"

"அது செய்யாமல் விட்டது. செய்ததைச் சொல்லு."

"செய்யாததைச் செய்தனான் எண்டு சொன்னால்?"

"சொல்லிப் பாரன்," என்றார் டீச்சர். "பொய் வைக்கோல் பாலன்ர முதுகிலை குத்தும்."

சிரித்தோம். ஆனால் எனக்கு அது உள்ளே போய்விட்டது. பீங்கான் பாலனின் முதுகில் வைக்கோல் குத்துவது கண்ணுக்குத் தெரிந்தது.

நான் கேட்டேன். "மாமி வீட்டுக்குத் தண்ணி அள்ளினால் டீச்சர்?"

"அது நன்மை. கண் தெரியாத ஆளெல்லே. குடத்துக்கு ஒண்டு."

"குடம் தூக்க ஏலாது டீச்சர். பிளாஸ்டிக் கான்."

"எத்தனை லீற்றர்?"

"அஞ்சு."

"சரி. ஒரு கானுக்கு ஒரு வைக்கோல்."

அந்தப் பாலன் வருசத்தில் ஒரு நாள்தான் அலுமாரிக்கு வெளியே வரும். அதை ஏந்திக்கொண்டு நடுவழியால் தனியே நடந்து பீடத்துக்குக் கிட்டப் போகவேண்டும். எல்லாரும் எழுந்து நிற்பார்கள். நான் படிப்பில் கடைசி. ஓட்டத்திலும் கடைசி. ஒருவரும் என்னை எழுந்து நின்று பார்த்ததில்லை. எனக்கு அது வேண்டியிருந்தது. வேறு காரணம் இல்லை.

அதுவரை அம்மாதான் பின்னேரங்களில் மாமிக்குத் தண்ணீர் கொண்டுபோய் வார்த்தார். இனி நான் அள்ளுகிறேன் என்றதும் அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலோ என்று.

முதல் கிழமை ஒழுங்காய் அள்ளினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து, சாப்பிட்டு, கானோடு போவேன். மாமி முன் விறாந்தையில் றேடியோ கேட்டுக்கொண்டிருப்பார். "வந்திட்டியே என்ர பிள்ளை," என்பார். ஞாயிறு பார்த்தால் எனக்குப் பதினொன்று, நிரோசாவுக்குப் பதினெட்டு. அவள் ஆட்டுக்குக் குழை போட்டதற்கும் வைக்கோல் வாங்கியிருந்தாள். கேட்டால், அது அயல்வீட்டு ஆடாம்.

இரண்டாம் கிழமை திங்கள் போனேன். இரண்டு குடமும் நிறைந்திருந்தது. ஞாயிறு மாமி எங்கள் வீட்டில் சாப்பிட்டதால் தண்ணீர் செலவாகவில்லை.

"காணும் பிள்ளை. நாளைக்குப் பார்ப்பம்," என்றார்.

செவ்வாய் ஒரு கானுக்குத்தான் இடம் இருந்தது. ஒரு கிழவிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? குடம் நிறைந்திருந்தால் நன்மைக்கு இடம் இல்லை. அதை நான் அந்த வயதில் கண்டுபிடித்தேன்.

புதன்கிழமை பின் கதவால் போனேன். றேடியோ முன்னால் பாடிக்கொண்டிருந்தது. ஒரு குடத்தை மெல்ல இறக்கி, சரித்து உருட்டிக்கொண்டு வெளியே போய், செவ்வரத்தையின் அடியில் ஊற்றினேன். மாமி துணி அலசிய தண்ணீரை ஊற்றுகிற இடம். அங்கே ஊற்றினால் வீணில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குடத்தைப் பலகையில் வைத்துவிட்டுச் சுற்றி வந்து முன் படலையைத் திறந்தேன்.

"மாமி, தண்ணி இருக்கோ?"

"பாரன். முட்டத்தானே இருந்தது."

போய்ப் பார்த்தேன். "ஒரு குடம் வெறுங்குடம் மாமி."

"என்ன? நேற்றெல்லே நீ வார்த்தனி."

"ஓம் மாமி."

"அப்ப எங்கை போனது?"

"தெரியாது மாமி."

வெறுங்குடம் என்றது உண்மை. வார்த்தது உண்மை. திருப்பி மூன்று கான் அள்ளியதும் உண்மை. தெரியாது என்றது ஒன்றுதான் பொய். அதற்கு நான் வைக்கோல் வாங்கவில்லை.

வியாழனும் செய்தேன். வெள்ளியும் செய்தேன்.

மாமி குடத்தின் அடியைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒழுகுகிறது என்று நினைத்தார். அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா குடத்தை நிரப்பிப் பழைய பேப்பரின் மேல் வைத்துவிட்டு அரை மணித்தியாலம் இருந்தார். பேப்பர் நனையவில்லை.

"குடம் வடிவாய்த்தான் கிடக்குது அக்கா."

"அப்ப தண்ணி எங்கை போகுது?"

"நீ குடிச்சிருப்பாய்."

"ஒரு குடம் குடிக்க நான் என்ன மாடே?"

அப்பா சிரித்தார். அம்மா சிரித்தார். மாமியும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்த கிழமை மாமி சிரிக்கவில்லை. பக்கத்து வளவில் ஒரு கத்தோலிக்க அக்கா இருந்தார். புருசன் கடலுக்குப் போகிறவர். அவர்தான் காலமையில் வந்து மாமியின் குளிசைகளைப் பார்த்து எடுத்துக் கொடுப்பவர். இரண்டு வெள்ளைக் குளிசை. ஒன்று சீனிக்கு, மற்றது பிறஷருக்கு. மாமியால் பிரித்தறிய ஏலாது. செவ்வாய்க்கிழமை நான் கானோடு போனபோது இரண்டு பேரும் வேலியடியில் நின்றார்கள். மாமிதான் கேட்டார்.

"குறை நினையாதை பிள்ளை. என்ர குடத்திலை தண்ணி எடுத்தனியோ?"

"நான் ஏன் அக்கா உங்கடை தண்ணியை எடுக்கிறன்?"

"கேட்டனான் மட்டும்தான்."

"தேவையெண்டால் கேட்டு வாங்க எனக்கு வாய் இல்லையோ? இவ்வளவு நாளும் உங்கடை வீட்டுக்கை வந்து போறன். ஒரு நாள் ஒரு கரண்டியைத் தொட்டிருப்பனே?"

அவர் அழுதுகொண்டு போனார். அதோடு வரவில்லை. மாமி குளிசைகளை விரலால் தடவித் தானே எடுத்தார். சில நாள் ஒன்றையே இரண்டு தரம் போட்டிருக்கவேண்டும். தலை சுற்றுகிறது என்று சொன்னார். அதையும் அம்மா கவனித்து வைத்துக்கொண்டார்.

நான் நிறுத்தியிருக்கலாம். இரண்டாம் ஞாயிறு எண்ணியபோது எனக்கு இருபத்தாறு, நிரோசாவுக்கு இருபத்தேழு. ஒன்றுதான் வித்தியாசம். ஒன்றுக்காக ஒருவரும் நிறுத்தமாட்டார்கள்.

சனிக்கிழமை வந்தது. மாமி துணி எடுக்கச் சேர்ச்சுக்குப் போன நேரத்தில் இரண்டு குடத்தையும் ஊற்றினேன். கெதியாய் ஐந்தாறு கான் அள்ளி வார்த்துவிடலாம் என்ற எண்ணம். றோட்டோரக் கிணற்றடிக்குப் போனால் அங்கே ஆட்கள் சும்மா நிற்கிறார்கள். கயிறு அறுந்து வாளி கிணற்றுக்குள் போய்விட்டது. கொழுக்கி எடுக்க ஒருவர் சரவணைப் பக்கம் போயிருந்தார்.

"எப்ப வருவார்?" என்று கேட்டேன்.

"வாற நேரம் வருவார். உனக்கென்ன அவசரம்? கலியாண வீட்டுக்கே தண்ணி?" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

கொஞ்ச நேரம் நின்றேன். மாமி வந்து குடத்தைத் தொட்டுப் பார்க்கப்போகிறார் என்ற நினைப்பு வந்தது. அப்பாவின் கை நினைப்பில் வந்தது. திரும்பி ஓடினேன். மாமியின் வளவுக் கிணற்றில் அள்ளினேன். உவர்த் தண்ணீர். ஐந்து கான். நல்ல தண்ணீர்க் குடங்களில் வார்த்தேன். கடைசிக் கானை வார்க்கும்போது மாமி துணிமூட்டையோடு படலையைத் திறந்தார்.

"ஆர், பிள்ளையே?"

"ஓம் மாமி. தண்ணி வார்த்தாச்சு."

"கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பார்," என்றார்.

மாமி முதல் தண்ணீரைச் செவ்வரத்தையில் ஊற்றினார். பிறகு சவர்க்காரம் போட்டார். நுரை சரியாய் வரவில்லை. சவர்க்காரத்தைத்தான் குறை சொன்னார். காயவைத்தார். ஸ்திரிக்கை போட்டார். மூலையோடு மூலை பொருத்தி மடித்தார். அவர் கண்ணுக்கு எல்லாம் வெள்ளை.

மூன்றாம் ஞாயிறு. ரோசா நிற மெழுகுதிரி கொளுத்துகிற நாள். குருவானவர் பீடத்தில் அப்பத்தட்டின் துணியை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். நான் இரண்டாம் வாங்கில் இருந்தேன். எனக்கும் தெரிந்தது. துணி நடுவில் தேத்தண்ணி ஊற்றினாற்போல் பழுப்பு. பீடத்து விரிப்பிலும் திட்டுத் திட்டாய். குருவானவர் துணியை மடித்து ஓரமாய் வைத்துவிட்டு ஆராதனையை நடத்தினார். நல்ல மனுசன். ஆனால் நாலு வாங்கு ஆட்கள்தான் என்றாலும், கண்டதை எல்லாருக்கும் சொல்ல எட்டுக் கண் போதும்.

ஆராதனை முடிந்ததும் டீச்சர் மாமியிடம் போனார். மெல்லத்தான் சொன்னார்.

"அக்கா, துணி பழுத்துக் கிடக்குது."

"எந்தத் துணி?"

"எல்லாம்தான்."

"எங்கை?"

டீச்சர் துணியை மாமியின் கையில் கொடுத்தார். மாமி விரலால் தடவினார். விரலுக்குப் பழுப்புத் தெரியாது. முகத்துக்குக் கிட்டப் பிடித்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். பிறகு நாலாய் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாங்கைப் பிடித்துப் பிடித்து வெளியே போனார். அன்றைக்கு மாமி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை.

நான் எங்கே போனேன் என்றால், ஞாயிறு பள்ளிக்குப் போனேன். அந்தச் சனிக்கிழமைக் கான் ஐந்தும் சேர்த்து நாற்பத்தொன்று. நிரோசாவுக்கு முப்பத்தாறு. "செய்தனியோ?" என்று டீச்சர் கேட்டார். "ஓம் டீச்சர், அஞ்சு கான் அள்ளி வார்த்தனான்," என்றேன். என்ன தண்ணீர் என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த நாள் மாமி தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டுத் துப்பினாராம். உப்பு. அம்மாவிடம் தானே சொல்லியிருக்கிறார். "நல்ல தண்ணிக் குடத்துக்கை நான்தான் மாறி உவர்த் தண்ணியை அள்ளி வார்த்திருக்கிறன் மச்சாள். எப்ப வார்த்தனான் எண்டு ஞாபகம் இல்லை." ஞாபகம் இல்லாததற்குக் காரணம் அவர் வார்க்கவில்லை என்பதுதான். அந்த ஒரு காரணம்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை, மாமிக்கும்கூட.

அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா சித்தப்பாவிடம் சொன்னார். அந்தக் கிழமை நான் ஊற்றவில்லை. ஒழுங்காய் அள்ளினேன். ஆனால் மாமி இப்போது றேடியோ போடுவதில்லை. குசினிக்குள் ஸ்டூல் போட்டுக் குடங்களுக்குப் பக்கத்தில் இருந்தார். ஒரு கையைக் குடத்துக்குள் விட்டு, மணிக்கட்டு நனைகிறதா என்று பார்த்தார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் பார்த்தார்.

இப்போது அந்த விறாந்தைக்கு வருகிறேன்.

குருவானவர்தான் தொடங்கினார். "அம்மா, ஆரும் உங்களைக் கட்டாயப்படுத்தேல்லை. நீங்கள் சொல்லுறதுதான் முடிவு."

போனுக்குள் இருந்து சித்தப்பா பேசினார். "அக்கா, தண்ணி காணாமல் போகுதெண்டு அயலோடை சண்டை பிடிச்சியாம். தண்ணிக்குக் கால் முளைச்சதே?"

"குடத்திலை தண்ணி இருந்தது."

"நீயே உவர்த் தண்ணியை மாறி வார்த்துப்போட்டுத் துணியையும் பழுதாக்கிப்போட்டாய். நாளைக்கு மண்ணெண்ணெயை மாறிக் குடிச்சால் ஆர் பாக்கிறது?"

"கத்தாதை, எனக்குக் காது கேக்கும்," என்றார் மாமி. "கண்தான் இல்லை."

அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "துணி பழுக்கிற அண்டைக்குப் போறன் எண்டு நீதானே அக்கா சொன்னனி."

 மாமி தூண் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். நான் அங்கே இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"பிள்ளை. நீ சொல்லு. அண்டைக்குச் சனிக்கிழமை நீதானே தண்ணி வார்த்தனி. நல்ல தண்ணியோ வார்த்தனி?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். டீச்சர் பார்த்தார். குருவானவர் பார்த்தார். 

ஒரு சொல் சொன்னால் போதும். மாமி அந்த வீட்டில் இருப்பார். எனக்கு அடி விழும், வைக்கோல் போகும், அவ்வளவுதான். அது எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழி இல்லை.

"ஓம் மாமி," என்றேன். "நல்ல தண்ணி."

மாமி தலையை ஆட்டினார். "அப்ப சரி. பிள்ளை பொய் சொல்லாது. எனக்குத்தான் வயது போய் மறதி வந்து அறளை பேர்ந்திட்டுது."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ மச்சாள்," என்றார் அம்மா.

"உள்ளதைத்தானே சொல்லுறன். நான் போறன். எப்ப வான் வரும்?"

வான் வெள்ளிக்கிழமை வந்தது. மாமி இரண்டு சீலைப் பையோடு ஏறினார். பக்கத்து வளவு அக்கா வேலியடியில் நின்று பார்த்தார். மாமி அவர் நின்ற பக்கம் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் நின்றாரா, வேறு யாரும் நின்றார்களா என்று மாமிக்குத் தெரிந்திருக்காது.

நத்தார் காலமை நான் பாலனை ஏந்திக்கொண்டு போனேன். நாற்பத்தாறு வைக்கோல். நிரோசாவுக்கு நாற்பத்து மூன்று. எல்லாரும் எழுந்து நின்றார்கள். பாலன் நான் நினைத்ததைவிடப் பாரமாய் இருந்தது. ஐந்து உறையையும் கவிழ்த்து டீச்சர் எல்லா வைக்கோலையும் ஒன்றாய்ப் பரப்பியிருந்தார். எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். பீடத்து விரிப்பு புதியது. பட்டணத்திலிருந்து குருவானவர் கொண்டுவந்தது.

எங்கள் சேர்ச்சில் பாவ அறிக்கையை எல்லாரும் ஒன்றாய்ச் சொல்லுவோம். கத்தோலிக்கப் பிள்ளையாய் இருந்திருந்தால் பெட்டிக்குள் முழங்காலில் நின்று, நான் இன்னது செய்தேன் என்று ஒரு மனுசனின் காதில் சொல்லியிருக்கவேண்டும். எங்களில் அது இல்லை. எல்லாரும் சேர்ந்து சத்தமாய்ச் சொன்னால் ஆர் என்ன செய்தார் என்று ஒருவருக்கும் கேட்காது. நான் இன்றைக்கும் ஞாயிறுதோறும் அந்தச் சத்தத்துக்குள் நின்றுதான் சொல்லுகிறேன். வெளியே வந்து சொன்னதில்லை. இதுதான் முதல்.

அன்றைக்கு நான் அதை ஒரு பெரிய விசயமாய் எடுக்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும். பயம் இருந்தது. வெட்கம் இருந்தது. ஆனால் இல்லத்தில் கட்டிலடி வரைக்கும் குழாய்த் தண்ணீர் வருமாம், மூன்று நேரச் சாப்பாடாம், குளிசை கொடுக்க ஒரு மிஸ் இருக்கிறாவாம் என்று அப்பா சொன்னதும் எனக்கு ஆறுதலாய்ப் போய்விட்டது. மாமி இழந்தது ஒரு வீடு என்று நினைத்தேன். ஒரு வீட்டுக்குப் பதில் இன்னொரு வீடு.

தைப்பொங்கல் லீவில் ஒரு தரம் கூட்டிக்கொண்டு போனார்கள். மாமி மெலிந்திருந்தார். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார். சேர்ச் துணியை இப்போது ஆர் தோய்க்கிறார் என்று கேட்கவில்லை. ஊரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மேசையில் இருந்த கிளாசைக் காட்டினார்.

"இதிலை தண்ணி கிடக்கோ பார் பிள்ளை."

"கிடக்கு மாமி."

"எவ்வளவு?"

"நிறைய."

"வடிவாய்ப் பார்த்தனியோ?"

"ஓம் மாமி."

பிறகும் விரலை விட்டுப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பெரிய வெள்ளிக்கு முந்திய கிழமை மாமி நித்திரையில் செத்துப்போனார். அடக்கம் எங்கள் ஊரில். அது முடிந்து இரண்டு நாளில் அவருடைய சாமான்களை எடுக்க இல்லத்துக்குப் போனோம். சீலை இரண்டு, வேதப்புத்தகம், மூக்குக்கண்ணாடிக் கூடு. அம்மா எல்லாவற்றையும் பைக்குள் வைத்தார். பொறுப்பாய் இருந்த மிஸ் சொன்னார்.

"கட்டிலுக்குக் கீழை கொஞ்சம் போத்தல் கிடக்கு. கூட்ட வாற பிள்ளையைத் தொட விடமாட்டா. போத்தல் எல்லாம் இல்லத்துச் சாமான், எண்ணித் தந்திட்டுப் போங்கோ."

அம்மா குனிந்து பார்த்தார். பாணிமருந்துப் போத்தல், சர்பத் போத்தல், சோடாப் போத்தல். எல்லாவற்றிலும் கழுத்து வரைக்கும் தண்ணீர். எல்லாம் மூடி இறுக்கியபடி.

"கட்டிலடியிலை குழாய். இவ ஏன் தண்ணி சேர்த்தவ?" என்றார் அம்மா.

"அறளைதான்," என்றார் அப்பா. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். வயது போனவர்கள் எதையாவது சேர்ப்பார்கள், மாமி தண்ணீர் சேர்த்திருக்கிறார் என்று நினைத்தேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவுக்கு முழங்கால் மடக்க ஏலாது. என்னை எண்ணச் சொன்னார். கட்டிலுக்குக் கீழே ஊர்ந்து போய், ஒவ்வொன்றாய் வெளியே தள்ளி எண்ணினேன்.

பத்தொன்பது.